ஏரிக்குள் எழுந்த நகரம்

சென்னையில் மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்றொரு சாலை இருக்கிறது. ஏரியைப் பார்த்தபடி செல்லும் சாலை என்பது அதன் பொருள். அச்சாலையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பாருங்கள். மருந்துக் கடை, மாவு மில், அடுக்கு வீடுகள், வண்டிகளின் நெரிசல் எல்லாம் தென்படும். ஏரி மட்டும் தென்படாது. வடகிழக்கே நுங்கம்பாக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே ‘லேக் ஏரியா’ என்ற குடியிருப்பும், ‘டேங்க் பண்ட் ரோடு’, அதாவது ஏரிக்கரைச் சாலை, என்ற சாலையும் உள்ளன. அங்கும் ஏரி இல்லை.

பெயர் வைத்தவர்கள் வேடிக்கைக்காக வைக்கவில்லை. தமிழ்நாட்டின் தலைநகரில் இன்று நில மதிப்பு மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்று, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஏரியாக இருந்தது. அந்த ஏரி எப்படி வந்தது, எப்படிப் போயிற்று, போன பின்னும் மழைக்காலத்தில் எப்படித் திரும்பி வருகிறது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

தலைநகரம் பிறந்த கதை

பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்ததைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு மணற்கரையைப் பெற்றனர். பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் ஆகிய இருவரும் அங்கே ஒரு கோட்டைக்கு அடிகோலினர். அதுவே புனித ஜார்ஜ் கோட்டை. 1688இல் நகராட்சி மன்றம் தொடங்கியது. இந்தியாவின் நகராட்சிகளில் மூத்தது இதுதான். பின்னர் இந்நகர் சென்னை மாகாணத்தின் தலைநகராயிற்று. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது பெரும் வாதப் பிரதிவாதங்களுக்கிடையே தமிழர் பக்கமே நின்றது. 1969இல் மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்றது. 1996இல் ஆங்கிலத்திலும் ‘மெட்ராஸ்’ நீங்கிச் ‘சென்னை’ என்பதே நகரின் பெயராயிற்று.

இந்த வரலாற்றில் ஒரு குறை உண்டு. கோட்டையிலிருந்து தொடங்குவதால், அதற்கு முன் இங்கே வெறும் மணல்தான் இருந்தது போல் அது தோன்றச் செய்கிறது. கோட்டைக்குத் தெற்கே சில மைல் தொலைவில் மயிலாப்பூர் இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் ‘மலியார்பா’ என்று குறிக்கப்படும் துறை மயிலாப்பூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஞானசம்பந்தர் பாடிய தலம் இது; பேயாழ்வார் தோன்றிய ஊரும் இதுவே என்பர். போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே குடியேறிச் சாந்தோம் நகரை அமைத்தனர். பழைய கபாலீசுவரர் கோவில் கடற்கரையை அடுத்து இருந்தது என்பது மரபு. சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இன்று நாம் வழிபடும் கோவில் பின்னர் எழுந்தது.

ஆங்கிலேயரின் நகரம் இப்பழைய ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கியே வளர்ந்தது. 1676இல் திருவல்லிக்கேணி, 1693இல் எழும்பூர், 1708இல் நுங்கம்பாக்கம், 1749இல் மயிலாப்பூரும் சாந்தோமும் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. ஊர்கள் சேர்ந்தபோது அவற்றின் ஏரிகளும் சேர்ந்தன. யாரும் ஏரிகளைக் கேட்டு வாங்கவில்லை. வயலோடு கூட வந்தவை அவை.

ஏரி என்றால் என்ன?

சென்னை நிலம் மிகவும் தட்டையானது. நகரின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஆறு ஏழு மீட்டர்தான். மேற்கிலிருந்து கிழக்காக, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சரிவு. ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. இத்தகைய நிலத்தில் மழைநீரை நிறுத்திவைக்க ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை எழுப்பினால் போதும். மேற்கிலிருந்து வரும் நீர் கரையில் முட்டி நின்றுவிடும்.

நம் முன்னோர் செய்தது இதுதான். ஆனால் கரை எழுப்புவது பாதி வேலையே. ஏரிக்கு நீர் கொண்டுவர வரத்துக் கால்வாய் வேண்டும். வயலுக்கு நீர் விட மதகு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரி நிரம்பியபின் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்து செல்லக் கலங்கல் வேண்டும். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதன் கலங்கலில் வழிவது அதற்கடுத்த ஏரிக்கு. கடைசி ஏரியில் வழிவது ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். தொண்டை மண்டலம் முழுவதும் இப்படிப்பட்ட ஏரிச் சங்கிலிகளால் ஆனது. செங்கற்பட்டுக்கு ‘ஏரி மாவட்டம்’ என்ற பெயர் வந்ததற்கும் இதுவே காரணம்.

மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் இச்சங்கிலியின் கண்ணிகள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வடக்கே நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டை அருகே அடையாறு வரை வில்போல வளைந்து கிடந்தன. நீளம் சுமார் ஆறு கிலோமீட்டர். ஆங்கிலேயர் இதை ‘லாங் டேங்க்’, அதாவது நீண்ட ஏரி, என்றனர். மேற்கே மாம்பலம் என்னும் சிற்றூர். கிழக்கே, ஏறக்குறைய இன்றைய அண்ணா சாலையை ஒட்டி, கரை. கரைக்குக் கிழக்கே மயிலாப்பூர்ப் பக்கத்து வயல்களும் தோட்டங்களும். நகரின் மேற்கு எல்லையே இந்த ஏரிதான் என்று சொல்லுமளவுக்கு அது பரந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். இன்று உஸ்மான் சாலையில் தீபாவளிக் கூட்டத்தில் நசுங்குகிறவர்களுக்கு இதை நம்புவது கடினம்!

மாம்பலத்தின் பெயர் அக்காலத்து ஐரோப்பியர் வாயில் ‘மார்மலாங்’ என்று திரிந்தது. 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் ஒரு பாலம் கட்டினார். ‘மார்மலாங் பாலம்’ என்றே அதற்குப் பெயர். அவ்விடத்தில் பின்னர் எழுந்த புதிய பாலம் இன்று மறைமலை அடிகள் பாலம் எனப்படுகிறது. இந்தப் பாலத்துக்குச் சற்று நேரத்தில் திரும்பி வருவோம்.

ஏரி எப்படி மறைந்தது?

1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னையில் வாழ்ந்தோர் 5,27,000 பேர். 1931இல் அது 6,47,000. பத்தாண்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கூடிவிட்டனர். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கூடியவர்கள் இருபதாயிரத்துக்கும் குறைவு! வீடு வேண்டும் என்ற குரல் எல்லாப் பக்கமும் எழுந்தது. நகருக்குள்ளோ இடமில்லை. ஏரியின் கீழ் இருந்த வயல்கள் ஏற்கெனவே பங்களாத் தோட்டங்களாகவும் தெருக்களாகவும் மாறியிருந்தன. பாசனத்துக்கு வயலே இல்லாதபோது ஏரி எதற்கு என்று அதிகாரிகள் எண்ணினர்.

1920இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. மாம்பலம் குடியிருப்புத் திட்டம் வகுக்கப்பட்டது; ஏரி நீர் வடிக்கப்பட்டது. சுமார் 1,600 ஏக்கருக்குத் திட்டம் போட்டு, 1920களில் புதிய நகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. முதலமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயரில் நடுவே ஒரு பூங்கா. நடேச முதலியார் பெயரில் இன்னொரு பூங்கா. டாக்டர் நாயர், உஸ்மான், கோபதி நாராயணசாமி செட்டி முதலியோர் பெயர்களில் சாலைகள். அக்கட்சியின் வரலாற்றைப் படிக்க விரும்புவோர் தியாகராய நகரின் வரைபடத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

திட்டமிட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அகன்ற சாலைகள், ஒரு பூங்காவை மையமாக வைத்துக் கதிர்போல் விரியும் தெருக்கள், மரங்கள், தனித்தனி வீடுகள் என்று, அந்நாளைய சென்னையில் மிகச் செம்மையாக அமைந்த குடியிருப்பு அது. 1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நிலையம் பரபரப்படைந்தது; எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் குடியேறினர். ஏரியில் வீடு கட்டியிருக்கிறோம் என்று அவர்களில் எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. அஞ்ச வேண்டிய காரணமும் அப்போது இல்லை. தோட்டங்கள் சூழ்ந்த வீடுகளில் மழைநீரை உறிஞ்ச மண் இருந்தது.

வடக்கே நுங்கம்பாக்கம் பகுதியில் எஞ்சிய ஏரியும் பின்னர் சிறிது சிறிதாகத் தூர்ந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தின் கல் தேர் நிற்பதும் அந்த ஏரி நிலத்தின்மேல்தான்.

தண்ணீர் மறப்பதில்லை

ஏரியை அழித்தவர்கள் அதன் நீரை அழிக்கவில்லை, அழிக்க முடியாது. முன்பு மேற்கிலிருந்து ஏரிக்கு வந்த மழைநீர் இன்றும் அதே சரிவில்தான் வருகிறது. அதை வெளியேற்ற இன்றிருப்பது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டத்தின் பக்கத்தில் தொடங்கி, தியாகராய நகரின் ஊடாகச் சென்று, நந்தனத்தில் அடையாற்றில் கலக்கிறது. அதாவது பழைய ஏரியின் நீளத்தை அப்படியே பின்பற்றுகிறது. ஆறு கிலோமீட்டர் ஏரி செய்த வேலையை இப்போது சில மீட்டர் அகலமுள்ள ஒரு சாக்கடை செய்ய வேண்டியிருக்கிறது.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு நீர்? பத்து லட்சம் சதுர மீட்டரை 0.01 மீட்டரால் பெருக்குங்கள்: 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையைப் பற்றிய பல செய்திகள் இதனால் விளங்கும்.

நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக் கூடம் நிறுவியது. அதே வளாகத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. அங்குள்ள மழைமானியில் 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 29 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாம்பலம் திட்டத்தின் 1,600 ஏக்கர் என்பது சுமார் ஆறரைச் சதுர கிலோமீட்டர். அங்கும் அதே அளவு பெய்ததாகக் கொண்டால் 29 × 6.5 = 188; ஏறக்குறைய 190 கோடி லிட்டர் நீர் ஒரே நாளில் அந்நிலத்தில் விழுந்திருக்கிறது! மேற்கிலிருந்து வடிந்து வந்தது தனி.

கால்வாய் அகலமாக இருந்திருந்தால் அது வடிந்திருக்குமா? இங்கேதான் அடையாற்றின் பங்கு வருகிறது.

அடையாறு தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஏரிகளில் தோன்றி, 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடலில் கலக்கும் சிற்றாறு. கோடையில் அதை ஆறு என்று சொல்லவே கூச்சமாயிருக்கும். கடலோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போவதால் முகத்துவாரத்தில் மணல்திட்டு வளர்ந்து அடைத்துவிடும். (இதே மணல்தான், 1876இல் தொடங்கிய துறைமுகச் சுவர்களில் தடுக்கப்பட்டு, தெற்கே மெரீனாவை இவ்வளவு அகன்ற கடற்கரையாக்கியது. வடக்கே ராயபுரத்தின் கரையைக் கடல் அரித்ததும் இதனால்தான்.) ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அடையாறு வேறு ஆறு. நூற்றுக்கணக்கான ஏரிகளின் கலங்கல் நீர் அதில்தான் விழுகிறது. அவற்றில் பெரியது செம்பரம்பாக்கம்.

அந்த நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல். வழியில் நிரம்பி வழிந்த மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்துகொண்டது. மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின் குறுக்கே பாலமாக நீட்டப்பட்டிருக்கிறது. விமான நிலையம் வெள்ளக்காடாகிப் பல நாள் மூடிக் கிடந்தது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தை ஆறு தொட்டது, போக்குவரத்து நின்றது. கோட்டூர்புரத்திலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் இரவோடிரவாக வீடுகளின் முதல் மாடிவரை நீர் ஏறிற்று. பலர் உயிரிழந்தனர்.

ஆறு இவ்வளவு உயர்ந்து நிற்கும்போது நந்தனத்தில் அதில் கலக்க வேண்டிய கால்வாயின் கதி என்ன? நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தான் பாயும். ஆற்றின் மட்டம் கால்வாயின் மட்டத்தைவிட உயர்ந்துவிட்டால், கால்வாய் நீர் வெளியேறாது. ஆற்று நீரே கால்வாய்க்குள் எதிர்த்து ஏறும். ஒரு குவளை நீரில் வளைந்த குழாயை அமிழ்த்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்நேரத்தில் பயனில்லை. அந்த நீர் சில நாள்கள் எங்கேயாவது நின்றாக வேண்டும். நிற்பதற்கென்று அமைந்த இடம்தான் ஏரி. இடம் இல்லாததால் தெருவில் நிற்கிறது. 2021 நவம்பரில் அடையாறு 2015ஐப் போலப் பெருகாதபோதும் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் நாள்கணக்கில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மீண்டும் மிதந்தது.

நின்ற நீர் நிலத்தில் இறங்காதா என்று நீங்கள் கேட்கலாம். ஏரியின் அடியில் ஆண்டாண்டாக வண்டல் படிகிறது. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. நெருங்கி ஒட்டிக்கொண்டு நீரை எளிதில் கீழே விடா. ஏரியில் நீர் நிற்பதே அதனால்தான். போதாததற்கு அதன்மேல் இன்று சிமெண்டும் தாரும் பூசியாயிற்று. மயிலாப்பூரின் கடலோரப் பகுதியும் பெசன்ட் நகரும் மணல் நிலம். அங்கே மழை விரைவில் கீழிறங்கிக் கிணறுகளை நிரப்புகிறது. கபாலீசுவரர் கோவில் தெப்பக்குளத்தின் நீர்மட்டத்துக்கும் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளுக்கும் உள்ள உறவு அத்தெருக்களின் மூத்தோர் நன்கு அறிந்தது. குளத்தில் நீர் குறைந்தால் கயிற்றுக்கு நீளம் கூட்டுவார்கள்.

ரயிலில் வந்த தண்ணீர்

வெள்ளம் வந்து நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகரம் தாகத்தால் தவித்தது. செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிவிட்டன. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றன. சூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகள் கொண்ட ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நாடே அதைச் செய்தியாகப் பேசிற்று. அது கொண்டுவந்த நீர் 25 லட்சம் லிட்டர்.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண்ணை இப்போது எடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு கோடி லிட்டர். அப்படியானால் 25 லட்சம் லிட்டர் என்பது இரண்டரை மில்லிமீட்டர்! குடை விரிக்கலாமா வேண்டாமா என்று நாம் யோசிக்கும் ஒரு தூறல். அந்தத் தூறல் ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்து சேமிக்கப்பட்டிருந்தால் அந்த ரயில் நிறைந்திருக்கும்.

பழைய ஏரி இன்றிருந்தால்? 1,600 ஏக்கர் முழுவதும் நீர்ப்பரப்பாக இருந்ததில்லை. பாதி எனக் கொள்வோம். சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்று வைத்தால் 320 கோடி லிட்டர் நீர் நிற்கும். வெயிலில் ஆவியாகிப் போவதில் பாதியைக் கழித்தாலும் 160 கோடி. மேலே சொன்ன ரயில் 640 நடை வர வேண்டும். ஏரி நீரை அப்படியே குடிக்க முடியாது, சுத்திகரிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளைக் காத்திருக்கும்.

ஏரியைத் திரும்பத் தோண்டச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். லட்சக்கணக்கானவர் பிழைக்கும் கடைவீதியை யாரும் பெயர்க்க முடியாது. அதற்கு மாற்றாகச் சென்னை சிலவற்றைச் செய்து பார்த்திருக்கிறது. 2003இல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது கண்கூடு. பிறகு பல வீடுகளில் குழாய்கள் அடைத்துக்கொண்டன, கேட்பாரில்லை. அடையாற்றின் முகத்துவாரத்தில், குப்பை கொட்டப்பட்ட 58 ஏக்கர் உப்பங்கழியைத் தூர் வாரி, அலையாத்திச் செடிகள் நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அழிந்த நீர்நிலையை மீட்கலாம் என்பதற்கு மந்தைவெளியிலிருந்து நடந்து போய்ப் பார்க்கக்கூடிய சான்று அது. பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன.

ஆனால் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களிலும், மேற்கே ஏரிச் சங்கிலியில் எஞ்சிய கண்ணிகளிலும் வீட்டு மனைகள் இன்றும் விலை பேசப்படுகின்றன. 1920களில் மாம்பலத்தில் நடந்ததே நூறு ஆண்டு கழித்து அங்கே நடக்கிறது. வேறுபாடு ஒன்றே: அன்று வீடு கட்டியவர்களுக்குப் பின்விளைவு தெரியாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த பெருமழை ஓய்ந்ததும் உங்கள் தெருவில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்துவையுங்கள். பிறகு ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவ்விடத்தின் பழைய பெயரைக் கேளுங்கள். அப்பெயரில் ஏரி, குளம், தாங்கல், பாக்கம் என்று ஏதேனும் வருகிறதா என்று பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டிய வேலைகூட இல்லை. தெருப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.